கீழ்வரியிலிருந்து

"…மேல எழுதினது தானேப்பா முதல்ல? கீழேர்ந்து யாருப்பா படிப்பாங்க?" என்றாள் என் மகள்.

பள்ளிக்கூட வராந்தாவில் பதினோராம் வகுப்புப் பட்டியலை அப்போதுதான் ஒட்டியிருந்தார்கள். கணக்குப் பிரிவில் அவள் பெயர் இல்லை. நெசவும் தையலும் சொல்லித்தரும் தொழில் பிரிவில் இருந்தது. அலுவலக ஜன்னலில் போய்க் கேட்டோம். அங்கிருந்த அம்மா எங்கள் விண்ணப்பத்தைத் தேடி எடுத்துத் திருப்பிக் காட்டினார். என் கையெழுத்துதான். மேல் வரியில் நெசவு, நடுவில் வணிகம், கீழ்வரியில் கணக்கு. அதைப் பார்த்த பிறகும் எனக்குத் தவறு தெரியவில்லை. "கணக்குதான்மா முதல்ல இருக்குது" என்றேன். அதற்குத்தான் அவள் அப்படிக் கேட்டாள்.

யார் படிப்பார்கள்? நான் படிப்பேன். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் பட்டுச் சேலைக்கு டிசைன் போடுகிறவன் நான். கிராஃப் தாளில் ஒரு கட்டம் என்பது ஒரு இழை. தறியில் பூ கீழேயிருந்துதான் வளரும். காம்பு முதலில், இலை பிறகு, இதழ் கடைசியில். அதனால் தாளிலும் கீழ்வரியிலிருந்துதான் போட வேண்டும். அந்த டிசைனைத் தறியில் ஏற்ற அட்டையில் ஓட்டை குத்துகிறவருக்கும் கீழ்வரியிலிருந்துதான் படித்துக் காட்ட வேண்டும். இருபது வருஷத்துக்கு மேல் கண் இப்படியே பழகிவிட்டது. "இவரு கையில கல்யாணப் பத்திரிகைய குடுத்தா, அடியில இருக்குற பிரஸ் பேரத்தான் முதல்ல படிப்பாரு" என்று என் மனைவி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். நானும் கூடச் சேர்ந்து சிரித்தவன்தான்.

எட்டாவதோடு நின்றவன் நான். மீதியைச் சுவரொட்டியும் செய்தித்தாளும் ஜனங்களின் வாயும் சொல்லிக்கொடுத்தன. யாராவது போகிற போக்கில் நல்ல பேச்சாக ஒன்று சொன்னால் மனசில் முடிந்து வைத்துக்கொள்வேன். மகள் பத்தாவது படிக்கும்போது ஒருநாள் சொன்னாள்: "மத்த பாடத்தையெல்லாம் நான் தேடிக்கினு போவணும்பா. கணக்கு மட்டுந்தான் அதுவா வந்து வாசல்ல நிக்குது." அதை நான் டீக்கடையில் சொன்னேன், சாயப்பட்டறையில் சொன்னேன், கேட்காதவர்களிடமும் சொன்னேன். கல்லூரியிலும் கணக்கே எடுக்க வேண்டும் என்பது அவள் ஆசை. அதற்கு இந்தப் பிரிவு கிடைத்தாக வேண்டும்.

விண்ணப்பம் வந்த அன்று, "உன் கையெழுத்துதாம்பா அச்சு மாதிரி இருக்குது. நீ எழுதிக்கினு இரு, நான் மார்க் ஷீட்ட ஜெராக்ஸ் எடுத்துக்கினு வந்துர்றேன்" என்று ஓடினாள். விரும்பும் பிரிவுகளை வரிசையாக எழுதவும் என்று போட்டு மூன்று கோடு இருந்தது. கோட்டுக்குப் பக்கத்தில் எண் எதுவும் இல்லை. கணக்கைக் கீழே எழுதினேன், எழுத்தெழுத்தாக நிறுத்தி. அதற்கு மேல் வணிகம். இன்னும் ஒரு கோடு மிச்சம் இருந்தது. காலியாக விட்டால் தள்ளிவிடுவார்களோ என்று பயந்து, தெரிந்த பெயராக இருக்கட்டும் என்று நெசவை எழுதினேன். அவள் மூச்சு வாங்க வந்து, "எல்லாம் எழுதிட்டியாப்பா?" என்றாள். "எழுதிட்டேன்மா" என்று மடித்துக் கொடுத்தேன். மடித்ததைப் பிரித்துப் பார்க்காமலே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள்.

ஜன்னலிலிருந்து எங்களைத் தலைமை ஆசிரியையிடம் அனுப்பினார்கள். அவர் மதிப்பெண்ணைப் பார்த்தார். "இவ மார்க்குக்குக் கணக்க மேல எழுதியிருந்தா முதல் ஆளா எடுத்திருப்போம். நெசவுக்காரங்க வீடாச்சே, அப்பா ஆசைப்பட்டு எழுதியிருக்காருன்னு நெனச்சோம்."

"நாங்க கீழேர்ந்துதாங்கம்மா போடுவோம்" என்று கிராஃப் தாளைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். காம்பு, இலை, இதழ் எல்லாம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. "புரியுதுங்க. ஆனா இடம் நிறைஞ்சிடுச்சே" என்றார்.

பெரிய காஞ்சிபுரத்தில் இன்னொரு பள்ளிக்கும் ஆட்டோவில் போனோம். அங்கே கணக்குப் பிரிவில் சேர்க்கை முடிந்திருந்தது.

மதியம் மறுபடி அதே ஜன்னல். அன்றைக்குள் ஒப்புதல் படிவம் தராவிட்டால் கிடைத்த இடமும் போய்விடுமாம். "சேர்றீங்களா, இல்லையா சொல்லுங்க. பின்னாடி ஆள் நிக்கறாங்க பாருங்க" என்று அந்த அம்மா படிவத்தை என் பக்கம் நீட்டினார். பழக்கத்தில் பேனாவை எடுக்க என் கை சட்டைப் பைக்குப் போனது.

மகள் எனக்கு முன்னால் பேனாவை எடுத்துவிட்டாள். படிவத்தைத் தன் பக்கம் இழுத்து, ஜன்னல் கல்லில் வைத்து, மேல் வரியிலிருந்து நிரப்பிக்கொண்டே வந்தாள். பெற்றோர் கையெழுத்து என்ற இடம் வந்ததும் நிறுத்தினாள். அந்த இடத்தில் விரலை வைத்துக் காட்டியபடி, பேனாவை என்னிடம் கொடுத்தாள்.