மடியில் இருந்த பீஸ் கட்டை

எனக்கு ஐந்தாவது வரைதான் படிப்பு. கோர்வையாக எழுத வராது. பாதி மறந்தும் போய்விட்டது. முன்னால் சொல்ல வேண்டியது பின்னால் ஞாபகம் வந்தால் பின்னாலேயே எழுதியிருப்பேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்த வேலைக்கு இப்போது வருகிற பெண்பிள்ளைகள் கேட்டதால் எழுதுகிறேன்.

1. கடை

கள்ளக்குறிச்சியில் மோட்டார் காயில் கட்டும் கடை ஒன்றில் வேலை செய்தேன். கிணற்று மோட்டாரோ ஃபேனோ எரிந்து வந்தால், பழைய காயிலைப் பிரித்துப் புதுக் கம்பி சுற்றுவது என் வேலை. உட்கார்ந்த இடத்து வேலை. யாரிடமும் பேச வேண்டியதில்லை, அதனாலேயே எனக்குப் பிடித்திருந்தது. வீடுகளுக்குப் போய் வயரிங் செய்பவர் கோவிந்தன் அண்ணன். அவரும் எங்கள் கடைதான்.

இட ஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்த வருஷங்கள் அவை. மரத்தை வெட்டி ரோட்டில் தள்ளியிருப்பார்கள். சின்னசேலம் பக்கமிருந்து சரக்கு லாரி வராது. கடையில் ஒரு கலர் வயர் இருந்தால் இன்னொரு கலர் இருக்காது. விழுகிற மரம் சில இடத்தில் கரண்டு கம்பியையும் இழுத்துக்கொண்டு விழும். கரண்டு எப்போது போகும், எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

2. பிரசவ வார்டு

ஊரில் ஒரு சின்ன பிரசவ ஆஸ்பத்திரி இருந்தது. பிள்ளை பெற்றவளுக்கு எங்கள் பக்கம் நொச்சித்தழை போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீரைச் சூடு ஆறாமல் ஊற்றுவார்கள். அந்த வார்டு பாத்ரூமுக்கு ஜன்னல் கிடையாது. சுவரில் வட்டமாக ஓர் ஓட்டை, அதில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன், அதன் சட்டத்திலேயே ஒரு லைட். ஆவி பட்டுப் பட்டு அந்த ஃபேன் எரிந்துவிட்டது. அடுத்த நாளே கரியாலூர்ப் பெண் ஒருத்தி புழுக்கத்தில் மயங்கி விழுந்தாள். பச்சை உடம்புக்காரி. பஸ் ஓடாததால் மலைக்குத் திரும்ப முடியாமல் தங்கியிருந்தவள். ஃபேன் மாட்டும்வரை யாரும் அங்கே குளிக்கக் கூடாது என்று டாக்டரம்மா கதவைப் பூட்டிவிட்டார்.

அந்தப் பெண்ணின் மாமியார் கடைக்கே வந்துவிட்டாள்.

"மூணு நாளா மருமவ ஒடம்புல தண்ணி படல. ஜன்னி வந்தா நீயா பாப்ப?"

"வார்டுக்குள்ள ஆம்பள வரக்கூடாதுன்னு டாக்டரம்மா சொல்றாங்களே, நான் இன்னா பண்ணட்டும்?" என்றார் கோவிந்தன் அண்ணன்.

"இதோ ஒரு பொம்பள குந்திக்கினு கீதே. இத அனுப்பு."

சுற்றிக்கொண்டிருந்த கம்பியைக் கீழே வைத்துவிட்டேன். முதலாளி என்னைப் பார்த்து, "போய்ட்டு வா வள்ளி. காயிலே கட்ற, மூணு கம்பி சேக்கறதா பெரிசு?" என்றார்.

3. ஏணி

கோவிந்தன் அண்ணன் வெளிச்சுவரில் ஏணி போட்டு ஏறி, ஓட்டைக்கு நேராக நின்றுகொண்டார். நான் உள்ளே மர ஸ்டூல் மேல் நின்றேன். அவர் சொல்லச் சொல்ல நான் செய்வது என்று ஏற்பாடு. ஓட்டை வழியாக அவர் ஒரு தடவை எட்டிப் பார்த்ததுதான் தாமதம், நர்ஸம்மா கத்தினார்.

"யோவ், பொம்பளைங்க குளிக்கிற எடத்துல இன்னாய்யா எட்டிப் பாக்குற? அந்தாண்ட திரும்பு."

அண்ணன் ஓட்டைக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். அவருக்கு ரோடு தெரிந்தது, எனக்கு அவர் பிடரி தெரிந்தது. அப்படியேதான் மீதி வேலை நடந்தது.

"செவப்பு எது, கறுப்பு எது, சொல்லு."

"மூணும் கறுப்புண்ணே."

"நல்லா பாரு."

"கறுப்புதாண்ணே. அழுக்கு இல்ல."

அண்ணன் சிரித்தார். "நான் இழுத்ததுதான். போன மறியல்ல கடையில கறுப்புக் கட்டு மட்டும்தான் இருந்திச்சி. ஃபேனுக்குப் போறதுல ஒரு முடிச்சி, லைட்டுக்குப் போறதுல ரெண்டு முடிச்சி போட்டு வெச்சேன். மொட்டையா இருக்கறது நியூட்ரல். பாரு."

முடிச்சே இல்லை. ஆஸ்பத்திரி காம்பவுண்டர் வெளியிலிருந்து ஏணி போட்டுப் பழைய ஃபேனைக் கழற்றியிருக்கிறார். திருகாணி வரவில்லை என்று மூன்று கம்பியையும் கத்தரிக்கோலால் ஒட்ட வெட்டிவிட்டார். முடிச்சுகள் பழைய ஃபேனோடு போய்விட்டன. லைட்டும் அன்றிலிருந்து எரியவில்லையாம்.

டெஸ்ட் லாம்ப் வைத்துப் பார்த்தேன். அது ஒன்றுமில்லை, ஒரு ஹோல்டரில் பல்ப், அதிலிருந்து இரண்டு வயர். எந்த இரண்டு கம்பியில் வைத்தாலும் எரியவில்லை. ஊரிலேயே கரண்டு போயிருந்தது.

"கரண்டு இல்லாதப்பவே மாட்டிடேன்மா, பயமில்லாத வேல," என்றார் நர்ஸம்மா.

எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. ஆனால் பிடரி பேசியது.

"கரண்டு இல்லன்னு சொல்லாத வள்ளி. இன்னும் வரலன்னு சொல்லு. போய் பீஸ் கட்டையப் புடுங்கி உங்கிட்ட வெச்சிக்கோ."

பீஸ் கட்டை என்பது ஃபியூஸ் கம்பி கட்டிப் போர்டில் செருகியிருக்கும் வெள்ளைப் பீங்கான் கட்டை. அதைப் பிடுங்கிவிட்டால் அந்த லைனுக்குக் கரண்டு போகாது. முன் வராந்தாவில் இருந்த போர்டில் வார்டுக்கு உரியதைப் பிடுங்கி, முந்தானையில் முடிந்து மடியில் செருகிக்கொண்டு வந்தேன். எந்தக் கம்பி எதற்கு என்று கரண்டு வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம், அதுவரை முனைகளைச் சீவி வைப்போம் என்று பேச்சு.

முன்னாலேயே எழுதியிருக்க வேண்டும், மறந்துவிட்டேன். கடையில் நாங்கள் வயரின் தோலைப் பல்லால் கடித்துத்தான் உரிப்போம். கத்தியைத் தேட மாட்டோம். எல்லோருக்கும் அதுதான் பழக்கம். நானும் ஒரு கம்பியை வாய்க்குக் கொண்டுபோனேன்.

பல் படுவதற்குள் வெளியே ஜனங்கள் கூச்சல் போட்டார்கள்.

"கரண்டு வந்திடுச்சி," என்றார் அண்ணன். "லாம்ப வெச்சிப் பாரு."

"கட்ட என் மடியிலதாண்ணே கீது."

"கீட்டும். வெச்சிப் பாரு."

வீண் வேலை என்று நினைத்துக்கொண்டே மெதுவாக ஸ்டூலை விட்டு இறங்கி, கீழே வைத்திருந்த லாம்பை எடுத்து வந்து வைத்தேன். பல்ப் பளிச்சென்று எரிந்தது.

மடியைத் தொட்டுப் பார்த்தேன். கட்டை இருந்தது. லாம்பும் எரிந்துகொண்டிருந்தது.

"இன்னா வள்ளி?"

"எரியுதுண்ணே."

அண்ணன் மறந்துபோய் உள்ளே திரும்பிப் பார்த்துவிட்டார். நர்ஸம்மாவும் அந்தத் தடவை அவரை விட்டுவிட்டு பல்பைத்தான் பார்த்தார்.

நடந்தது இதுதான். கரண்டு வந்தும் வார்டு மட்டும் இருட்டாக இருந்ததால் காம்பவுண்டர் போர்டைப் பார்த்திருக்கிறார். ஒரு கட்டை இல்லை. எங்கேயோ விழுந்துவிட்டது என்று, ஸ்டோர் ரூம் லைனில் இருந்த கட்டையைப் பிடுங்கி இதில் செருகிவிட்டார். அவரையும் குற்றம் சொல்ல முடியாது, கைக்குழந்தைகள் இருட்டில் கிடக்கின்றனவே என்று செய்தது.

"வந்ததே வந்திச்சி, அப்பிடியே பாத்துடு," என்றார் அண்ணன். "செம்புல கை படாம புடி."

கரண்டு போனபோது யாரும் சுவிட்சை அணைக்கவில்லை, ஃபேன் சுவிட்சும் லைட் சுவிட்சும் போட்டபடியே இருந்தன. மூன்று கம்பியை இரண்டிரண்டாகச் சேர்த்து லாம்ப் வைத்தேன். இரண்டு ஜோடியில் எரிந்தது, ஒரு ஜோடியில் எரியவில்லை. எரிந்த இரண்டு ஜோடியிலும் பொதுவாக இருந்த கம்பி நியூட்ரல், அதாவது கரண்டு திரும்பிப் போகிற கம்பி. அதில் புதிதாக ஒரு முடிச்சுப் போட்டேன். பிறகு நர்ஸம்மாவை ஃபேன் சுவிட்சை அணைக்கச் சொன்னேன். நியூட்ரலோடு சேர்த்து வைத்தபோது எதில் லாம்ப் அணைந்ததோ அது ஃபேன் கம்பி. மிச்சம் லைட்.

4. காவல்

மறுபடி கட்டையைப் பிடுங்கப் போனேன். இந்தத் தடவை கரியாலூர் மாமியார் கூடவே வந்து போர்டுக்கு முதுகைக் கொடுத்து நின்றுகொண்டாள். காம்பவுண்டர் பக்கத்தில் வந்ததும், "என் மருமவ குளிச்சி வர்ற வரைக்கும் இதுல எவன் கைய வெக்கறான், பாக்கறேன்," என்றாள். டாக்டரம்மாவே சுற்றிக்கொண்டுதான் போனார்.

திரும்ப லாம்ப் வைத்தேன். எரியவில்லை. அதன்பிறகுதான் தோலை உரித்தேன், பல்லால் அல்ல, பிளேடால். கம்பிகளைச் சேர்த்து டேப் சுற்றி, ஆஸ்பத்திரியில் வாங்கி வைத்திருந்த புது ஃபேனையும் லைட்டையும் திருகினேன். கட்டையைச் செருகிச் சுவிட்சைப் போட்டதும் ஃபேன் ஓடியது, லைட்டும் எரிந்தது.

சாயங்காலம் அந்தப் பெண்ணுக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். அண்ணன் ஏணியைக் கழற்ற வந்தவர், மேலே கட்டிய கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். நொச்சி வாசனையோடு ஆவி முழுக்க அவர் பிடரியில் அடித்தது.

"ஓடுது, ஓடுது. வெந்துட்டேன்," என்று சொல்லிக்கொண்டே இறங்கினார். உள்ளே அந்தப் பெண் சிரித்தது கதவுக்கு இந்தப்பக்கம் எனக்குக் கேட்டது.

அதன்பிறகு அந்த வார்டில் எந்த ரிப்பேர் என்றாலும் என்னைத்தான் கூப்பிட்டார்கள். நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான். பீஸ் கட்டை நம் மடியில் இருக்கலாம், போர்டு நம் மடியில் இல்லை. ஒவ்வொரு முறை ஸ்டூலில் ஏறும்போதும் லாம்ப் வைத்துப் பார்த்த பிறகே கம்பியைத் தொட வேண்டும்.

இதில் எதையாவது மாற்றி எழுதியிருப்பேன். ஃபேனுக்கு ஒரு முடிச்சா, லைட்டுக்கா என்பதில் இப்போதும் எனக்குச் சந்தேகம். வயரிங் தெரிந்தவர்கள் யாராவது பார்த்துத் திருத்திக் கொடுங்கள். இதை நம்பி எவளாவது ஸ்டூல் மேல் ஏறுவாள். அவளும் நான் எழுதியதை அப்படியே நம்பாமல், லாம்ப் வைத்துப் பார்க்கட்டும்.