முப்பத்தொன்றாம் தேதி சேர்ந்தவர்

பத்தாம் வகுப்பில் பாதியில் நின்றவன் நான். நாலைந்து ஊர் சுற்றி, தொண்ணூறுகளின் நடுவில் தில்லிக்கு வந்தபோது, மூன்று மாத கம்ப்யூட்டர் வகுப்பில் இரண்டு மாதம் உட்கார்ந்திருந்தேன் என்பதுதான் என் படிப்பு. அதைச் சொல்லியே ஓர் அரசு அலுவலகத்தில் தினக்கூலியாகச் சேர்ந்தேன்.

குவார்ட்டர்ஸ் கேட்டவர்களின் சீனியாரிட்டி பட்டியலை என்னிடம் கொடுத்தார்கள். முதலில் வேலைக்குச் சேர்ந்தவருக்கு முதலில் வீடு. இருநூற்றுப் பன்னிரண்டு பேர். மோதி பாக்கில் காலியாக இருந்தவை ஆறு வீடுகள். நான்கு நாள் உட்கார்ந்து ஃபாக்ஸ்ப்ரோ என்ற புரோகிராமில் ஏற்றினேன். சேர்ந்த தேதியைத் தேதியாக அடித்தால், அமெரிக்க வழக்கப்படி மாதத்தை முன்னால் கேட்டு, பாதியை ஏற்க மறுத்தது. சலிப்பில் அந்தக் கட்டத்தை வெறும் எழுத்தாக மாற்றிக்கொண்டேன். வரிசைப்படுத்த ஒரே ஒரு வரி. ஒன்று, இரண்டு என்று இடம் போட்டு அச்சடித்தேன். கம்ப்யூட்டரில் வந்த தாளை அங்கே யாரும் சரிபார்ப்பதில்லை. அதிகாரி கையெழுத்துப் போட, பட்டியல் பலகையில் ஏறியது.

மறுநாள் ஒரு கிளார்க் என் மேஜைக்கு வந்தார். திருநெல்வேலிக்காரர். உத்தம் நகரில் தகரக்கூரை போட்ட ஒற்றை அறையில் இருந்தார். அவருடைய இரண்டு பெண்களும் மோதி பாக் தமிழ்ப் பள்ளிக்கு இரண்டு பஸ் மாறி வந்துபோனார்கள்.

"நான் இருநூத்தி எட்டாம்லா. மொத ஆளா போட்டிருக்கிய பாரு, அவனுக்கு ஃபைல் கட்டவே நாந்தான் சொல்லிக் குடுத்தேன். மிசினு சொன்னா சரியாத்தான் இருக்குமாடே?"

கோபமே இல்லாமல் கேட்டார். அவர் போனதும் பட்டியலைப் பார்த்தேன். மேலே இருந்த அத்தனை பேரும் ஏதோ ஒரு மாதம் ஒன்றாம் தேதி சேர்ந்தவர்கள். இவர் எழுபத்து நான்கில், ஆகஸ்ட் முப்பத்தொன்று. எழுத்தாகக் கொடுத்ததால் இடமிருந்து படித்து, நாளை முதலில் பார்த்து அடுக்கியிருக்கிறது. வருடம் கடைசிக்குப் போய்விட்டது. வருடத்தை வெட்டி முன்னால் வைத்து, பிறகு மாதம், பிறகு நாள் என்று மாற்றி மறுபடி ஓட்டினேன். அவர் ஐந்தாவதாக வந்தார். முதலில் இருந்தவர் நூற்று எழுபதைத் தாண்டிப் போனார். அவர் அன்று காலைதான் எல்லோருக்கும் லட்டு கொடுத்திருந்தார். நானும் ஒன்று தின்றிருந்தேன்.

கம்ப்யூட்டர் எப்படித் தப்புப் பண்ணும் என்று அதிகாரி இந்தியில் கேட்டார். வைரஸ் என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பார். அவ்வளவு யோசிக்க அலுப்பாக இருந்தது. தப்பு என்னுடையது என்றேன். புதுப் பட்டியலில் கையெழுத்துப் போட்டுவிட்டு, திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்றார்.

ஒரு மாதம் கழித்து திருநெல்வேலிக்காரர் வீடு மாறினார். எனக்கு வேறு வேலை கிடைக்கவில்லை. சாமான் ஏற்றப் போனேன். வீடு மூன்றாவது மாடி.

"வேற எடம் ஒண்ணும் அமையலியாடே?"

"இல்ல அண்ணாச்சி."

பீரோவின் தலைப்பக்கத்தை அவர் பிடித்துக்கொண்டார். கனமான அடிப்பக்கம் எனக்கு வந்தது.