அரை சுருதி கம்மி

"உங்களுக்கும் உங்க வீட்டுக்காரருக்கும் ஏதாவது சண்டையா?" என்று எதிர்வீட்டு அம்மா என் மனைவியைக் கேட்டிருக்கிறார்.

"ஏன் கேக்கறீங்க?"

"இல்ல… தினமும் சாயங்காலம் சார் கார்ல ஏறி உக்காந்துக்கறார். கதவைச் சாத்திக்கறார். ஆனா எங்கேயும் போக மாட்டேங்கறாரே…"

வசந்தி என்னிடம் வந்து இதைச் சொல்லிச் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "அவங்க கேட்டதுல என்ன தப்பு?" என்றாள்.

தப்பில்லைதான். ஆனால் நான் என்ன செய்ய? பீர்க்கன்கரணையில் எங்கள் வீட்டில் சிடி போட்டுக் கேட்க மிச்சமிருக்கும் ஒரே இடம் அந்தக் கார். அதற்குப் பதினைந்து வயது. ஏசி வராது, வைப்பரில் ஒரு பக்கம்தான் அசையும், பின் கதவை உள்ளேயிருந்து திறக்க முடியாது. சிடி பிளேயர் மட்டும் நேற்று வாங்கியதுபோல் வேலை செய்கிறது!

சிடி ஏது என்கிறீர்களா? அலுவலக நண்பர் ஒருவர் வெளிநாட்டில் இருக்கும் மகனிடம் போய்ச் சேர, வீட்டைக் காலி செய்தார். ஃப்ரிட்ஜ், பீரோ, கட்டில் என்று ஆளாளுக்கு எடுத்துக்கொண்டார்கள். நான் வழக்கம்போல் லேட். ஒரு விரிசல் விட்ட மிக்ஸி ஜாரும் மூன்று சிடிகளும்தான் பாக்கி. ஜார் வேண்டாம் என்றேன்.

மூன்றிலும் ஒரே சரக்கு. பதினெட்டாம் நூற்றாண்டில் ஒரு ஜெர்மன்காரர் எழுதிய கீபோர்டு கான்செர்டோ. அதாவது ஒருவர் கீபோர்டு வாசிப்பார், சுற்றி வயலின் கோஷ்டி துணைக்கு வாசிக்கும். இதில் விசேஷம் என்னவென்றால், வாத்தியங்களும் அந்தக் காலத்தவை. பியானோவுக்கு பதில் அதன் மூத்த உறவான ஹார்ப்சிகார்டு. வயலினில் உலோகத் தந்தி கிடையாது. ஆட்டுக் குடலைத் திரித்துச் செய்த தந்தி.

முதல் நாள் கேட்டபோது எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஹார்ப்சிகார்டை மெல்லத் தொட்டாலும் அதே சத்தம், ஓங்கி அழுத்தினாலும் அதே சத்தம். அரசு அலுவலகத்தில் நாம் கெஞ்சினாலும் கத்தினாலும் ஒரே பதில் வருமே, அப்படி.

ஆனால் நாலாவது நாள் பிடித்துவிட்டது. ஏன் என்று தெரியவில்லை. ஆறாவது நாள் மூன்று சிடிகளையும் ஒப்பிட ஆரம்பித்துவிட்டேன். முதல் கோஷ்டி, கடைசி பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் வாசிக்கிறது. இரண்டாவது கோஷ்டியில் வயலின்கள் எக்கச்சக்கம். நடுவில் ஹார்ப்சிகார்டு இருப்பதே தெரியவில்லை – கல்யாண மேடையில் போட்டோக்காரர்களுக்குப் பின்னால் மாப்பிள்ளை நிற்பதுபோல. மூன்றாவதில் மொத்தமே ஆறேழு பேர். நிதானமாக, ஒருவர் வாசிப்பதை மற்றவர் கேட்டு வாசிக்கிறார்கள். என் ஓட்டு அவர்களுக்குத்தான்.

எல்லா உறையிலும் கொட்டை எழுத்தில் ஒரே பெருமை: அசல் வாத்தியம், அசல் முறை. எனக்கு ஒரு சந்தேகம். அந்த ஜெர்மன்காரருக்கு நம்ம காலத்துப் பெரிய பியானோ கிடைத்திருந்தால், "வேண்டாம், எனக்கு ஆட்டுக் குடலே போதும்" என்றிருப்பாரா? பாய்ந்து வந்து வாங்கியிருக்க மாட்டாரா? ஆனாலும் நமக்கு ஒரிஜினல் வேண்டும். செக்கு எண்ணெய் வேண்டும், மண் சட்டி வேண்டும், கைக்குத்தல் அரிசி வேண்டும். வாங்கி வைத்துவிட்டு, ஆப்பில் பிரியாணி ஆர்டர் செய்வோம்.

இருக்கட்டும். என் கார் நிற்பது எஸ்தர் அக்காவின் சமையலறை ஜன்னலை ஒட்டி. எஸ்தர் அக்கா பக்கத்து வீடு. ஒரு தனியார் கிளினிக்கில் நர்ஸ். அறுபதைத் தாண்டியும் வேலைக்குப் போகிறார். (பெயர்களையெல்லாம் மாற்றியிருக்கிறேன். நான் இந்தத் தெருவில்தான் குடியிருக்க வேண்டும்!)

ஒருநாள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

"இன்னா தம்பி, கார்ல ஸ்பூன் டப்பாவக் கவுத்துகினு கீறியா?"

விளக்கினேன். குடல் தந்தி விஷயத்தையும் சொன்னேன்.

"எங்க அப்பா பம்மல்ல தோல் ஷெட்லதான் வேலை பாத்தாரு. தோலு பாத்துகீறேன். குடல்ல பாட்டு வரும்னு இப்பதான் கேக்குறேன்" என்று சொல்லி, குக்கரை இறக்கப் போனார்.

அப்புறம் பாடினார். அக்கா வேலை செய்துகொண்டே பாடுவது வழக்கம். டிசம்பர் நெருங்கினால் ஒரே பாட்டுதான். அவர்கள் சர்ச்சில் கிறிஸ்துமஸ் கேரல் சர்வீஸுக்குப் பாடும் பழைய ஜெர்மன் பாட்டு, தமிழில். இருபத்தாறு வருஷமாக அதன் நடுவில் வரும் தனிக்குரல் பகுதி அக்காவுடையது. தெருவுக்கே தெரியும்.

அன்று நான் சிடியை நிறுத்திவிட்டுக் கேட்டேன். மேலே ஏறும் இடத்தில் குரல் உடைந்தது. மறுபடி பாடினார். மறுபடி அதே இடம். மூன்றாவது தடவை பாடவில்லை. குழாயைத் திறந்துவிட்டார்.

"ஜலதோஷமாக்கா?" என்றேன், சும்மா.

"ஜலதோஷமும் இல்ல, ஒண்ணும் இல்ல. வயசு. இந்த வருஷம் காலேஜ் பொண்ணு ஒருத்திக்கு குடுக்கப் போறாங்க. நான் டீ போட்டுக் குடுக்குறேன்னு சொல்லிட்டேன்." சிரித்தார். "கொஞ்சம் எறக்கி வாசிங்க சார்னு செல்வின் சார் கைல கேட்டுப் பாத்தேன். அவரு ஒத்துக்கல. வுடு."

எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. கச்சேரியில் பாடகருக்கு எது தோதோ அதுதான் சுருதி. சுருதிப் பெட்டியைத் திருகினால் வேலை முடிந்தது. இந்தக் காலத்துக் கீபோர்டிலும் சுருதியை ஏற்ற, இறக்க ஒரு பட்டன் உண்டு. ஒரு மனுஷி இருபத்தாறு வருஷம் பாடியதை ஒரு பட்டனுக்காக விட்டுக்கொடுக்க வேண்டுமா? கோபமாக வந்தது. செல்வின் சாரை நினைத்துத்தான்.

செல்வின் சார், அந்த சர்ச்சில் கீபோர்டு வாசிப்பவர். பிழைப்புக்கு ஸ்கூலில் கெமிஸ்ட்ரி வாத்தியார். மகா கறார். அரை மில்லி கூடிப்போனால் மறுபடி முதலிலிருந்து செய்யச் சொல்கிற ரகம்.

அந்த சனிக்கிழமை மத்தியானம் தாம்பரத்தில் அவரைப் பார்த்தேன். உறையில் போட்ட கீபோர்டைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றார். எந்த ஷேர் ஆட்டோவும் அவரை ஏற்றிக்கொள்ளவில்லை. ஏற்றினால் மூன்று பேர் இடம் போய்விடுமே! நான் காரை நிறுத்தினேன். கீபோர்டு பின் சீட்டில், சார் முன் சீட்டில்.

ஜிஎஸ்டி ரோடு வழக்கம்போல நின்றது. ஆள் தப்பிக்க முடியாத இடம். நான் ஆரம்பித்தேன்.

"எஸ்தர் அக்காவுக்காக ஒரே ஒரு பட்டன் இறக்கினா என்ன சார்?"

"அதெப்படி சார்? புக்ல என்ன இருக்கோ அதான். இன்னிக்கு அக்காவுக்காக இறக்கினா, நாளைக்கு டெனர் பாடறவன் வந்து ஏத்துங்கம்பான். அப்புறம் எதுக்கு புக்கு? ட்ரான்ஸ்போஸ் பட்டனை நான் தொட்டதே இல்ல சார். தெரியுமா?"

"அக்கா இருபத்தாறு வருஷமா…"

"எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. ரூல்னு ஒண்ணு இருக்குல்ல?"

சிடியின் வால்யூமைக் கூட்டினேன். கோபத்தைக் காட்ட எனக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான்.

பத்து நொடி. செல்வின் சார் முகம் கோணியது.

"சார், இந்தப் பாட்டு எனக்குத் தெரியும். ஸ்கோர் புக்ல நோட்ஸ் பாத்திருக்கேன். இது அந்த சுருதி இல்லையே… அரை சுருதி கம்மியா கேக்குது. உங்க பேட்டரி வீக். சிடி மெதுவா சுத்துது."

"பேட்டரி போன வாரம்தான் மாத்தினேன்."

"அப்ப மோட்டார் போயிருக்கும். மெக்கானிக் கிட்ட காட்டுங்க."

சொன்னதோடு விடவில்லை. திரும்பி, பின் சீட்டிலிருந்து கீபோர்டை இழுத்து, உறையைக் கழற்றி, மடியில் குறுக்காக வைத்துக்கொண்டார். ஒரு முனை ஜன்னலுக்கு வெளியே. இன்னொரு முனை என் ஸ்டியரிங்கில். பேட்டரியில் ஓடும் கீபோர்டு அது. ஆன் செய்து ஒரு கட்டையை அழுத்தினார். சிடியைக் கேட்டார். மறுபடி அழுத்தினார். பக்கத்து பைக்கில் ஹெல்மெட் போட்டவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார்.

"கரெக்டா அரை சுருதி கம்மி. அடுத்த சிடி போடுங்க."

போட்டேன். அதுவும் அரை சுருதி கம்மி. மூன்றாவது? அதுவும்.

"மூணு ரீடிங்கும் ஒண்ணா வருதே…" என்றார். குரலில் சுரத்து இல்லை. மூன்று ரீடிங் ஒன்றாக வந்தால் கெமிஸ்ட்ரி வாத்தியாரால் என்ன செய்ய முடியும்? நம்பித்தான் ஆக வேண்டும்.

அப்போதுதான் எனக்கு சிடி உறைக்குள் இருந்த புக்லெட் ஞாபகம் வந்தது. முதல் நாலு பக்கம் படித்திருந்தேன். டாஷ்போர்டிலிருந்து எடுத்துக் காட்டினேன். அந்தக் காலத்தில் அங்கே கச்சேரி வாத்தியங்களை இன்றைக்குவிட ஏறக்குறைய அரை சுருதி கீழே வைத்து வாசித்தார்கள் என்றும், அதனால் இந்த ரெக்கார்டிங்கிலும் அப்படியே செய்திருக்கிறோம் என்றும் எழுதியிருந்தது.

செல்வின் சார் இரண்டு தடவை படித்தார்.

நான் மெதுவாகக் கேட்டேன். "உங்க கேரல் பாட்டு எந்தக் காலத்துது சார்?"

"அதே காலம்தான்…"

"எந்த ஊர்?"

"ஜெர்மனி."

"அப்படின்னா ஒரிஜினல் சுருதி…"

கையைத் தூக்கி என்னை நிறுத்தினார். கீபோர்டை மறுபடி உறைக்குள் போட்டு மூடினார். இறங்கும்போது, "இந்தப் புக்லெட்டை நான் எடுத்துட்டுப் போறேன் சார். முழுசாப் படிக்கணும்" என்றார்.

மறுநாள் நடந்ததை ஜன்னல் வழியாக அக்காதான் சொன்னார். பாட்டுப் பயிற்சி ஆரம்பிக்கும் முன் செல்வின் சார் எழுந்து நின்று கால் மணி நேரம் பேசியிருக்கிறார். இத்தனை வருஷமாக நாம் இந்தப் பாட்டைத் தப்பான சுருதியில் பாடிவிட்டோம் என்று மன்னிப்புக் கேட்டிருக்கிறார். அப்புறம், சரிபார்க்க வேண்டும், பாட்டு நன்றாகத் தெரிந்தவர் ஒருவர் பாடிக் காட்டுங்கள் என்று, டீ கலந்துகொண்டிருந்த அக்காவைக் கூப்பிட்டாராம்.

"இன்னாமோ ஜெர்மனின்னாரு, ஆட்டுக் குடலுன்னாரு. ஒருத்தருக்கும் ஒண்ணும் புரியல தம்பி. பட்டனை அமுக்குனாரு, பாடுனேன். மேல போறது தானா வந்து குந்திக்கிச்சு! மொதல்ல கை தட்டுனது யாருன்ற? அந்தக் காலேஜ் பொண்ணு."

கேரல் சர்வீஸுக்கு நானும் வசந்தியும் போனோம். கடைசி வரிசை. அக்கா கிரீம் கலர் பட்டுப் புடவை கட்டியிருந்தார். அந்த இடம் வந்தது. ஏறினார். குரல் கொஞ்சம் நடுங்கியது, ஆனால் உடையவில்லை. முழுசாக நின்று, மெதுவாக இறங்கியது. பாடி முடித்துவிட்டு அக்கா கீழே பார்த்துக்கொண்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

இந்தக் கட்டுரையை இங்கேயே முடித்திருப்பேன். ஒரிஜினல், ஒரிஜினல் என்று கிண்டல் செய்தோமே, அதனால் ஒரு நல்லது நடந்தது பாருங்கள் என்று ஒரு வரி எழுதிவிட்டு. ஆனால் போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நான் காருக்குள் உட்கார்ந்திருந்தபோது செல்வின் சார் வந்தார். முன் கதவைத் திறந்து பக்கத்தில் உட்கார்ந்தார். புக்லெட்டை நீட்டினார்.

"பதினோராம் பக்கம் படிச்சிருக்கீங்களா சார்?"

நானா? பதினோராம் பக்கமா?

திறந்து காட்டினார். கச்சேரி வாத்தியங்கள்தான் அரை சுருதி கீழே. அந்த ஊர் சர்ச்சுகளில் பாட்டுக்குத் துணையாக வாசிக்கும் ஆர்கன் பெரும்பாலும் இன்றைக்குவிட அரை சுருதி மேலே இருந்தது என்று தெளிவாகப் போட்டிருந்தது.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அப்படின்னா கேரல் பாட்டை…"

"ஒரிஜினல்படி ஏத்தியிருக்கணும் சார்."

"இதை எப்போ படிச்சீங்க?"

"உங்க கார்ல வந்தேன்ல, அன்னிக்கே."

அதாவது, பயிற்சிக்கு முந்தின நாள். எல்லோர் முன்னாலும் நின்று மன்னிப்புக் கேட்டாரே, அதற்கும் முன்னால்.

அவரைப் பார்த்தேன். அவர் எஸ்தர் அக்காவின் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மனுஷர் மேல் இத்தனை நாள் கோபப்பட்டேனே என்று எனக்கு அவமானமாக இருந்தது. கேட்டதும் செய்ய அவருக்கு முடியவில்லை. ஏதாவது ஒரு சாக்கு தேவைப்பட்டிருக்கிறது. அது நாலாம் பக்கத்தில் கிடைத்தது. பதினோராம் பக்கத்தில் பறிபோனது. அப்போதும் மனுஷர் விடவில்லை!

"சார்," என்றேன், குரலைத் தாழ்த்தி. "வேற யார் கண்ணுலயாவது பட்டா வம்பு. அந்த ஒரு பக்கத்தை மட்டும் கிழிச்சுடலாமா?"

செல்வின் சார் புக்லெட்டை என் கையிலிருந்து வெடுக்கென்று வாங்கி மூடினார்.

"புத்தகத்தைக் கிழிக்கறது தப்பு சார்!"