மரீஸின் பத்தொன்பது வளைவுகள்

மூன்றாவது வளைவை நெருங்கும்போது மரீஸ் ஷவனோன் பஸ்ஸின் வேகத்தைக் குறைத்து, "வழி விடுங்க மாமியாரே" என்று முணுமுணுக்கிறாள். அந்த வளைவு முடிந்துவிட்டது போலக் காட்டும், முடியாது. ஏழாவதில் "பாதிரியார் தொப்பை" என்று சொல்லிக்கொண்டே ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துத் திருப்புகிறாள். பன்னிரண்டாவதில் எதிரே வருவது தெரியாது, அங்கே இரண்டு ஹார்ன். பின்னால் உட்கார்ந்திருக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கு எல்லாப் பெயர்களும் மனப்பாடம். எங்கள் வோரெய் கிராமத்திலிருந்து கிரீவ் கணவாய் வரை ஒன்பது கிலோமீட்டர் ஏற்றம், பத்தொன்பது வளைவுகள், இரண்டு பக்கமும் திராட்சைத் தோட்டம். இருபத்தாறு வருஷமாக இந்த வழியில் பஸ் ஓட்டுகிறாள். பதினெட்டு வளைவுகளுக்குப் பெயர் வைத்திருக்கிறாள். ஒன்பதாவதில் மட்டும் வாயைத் திறப்பதில்லை.

ஐம்பத்தெட்டு வயது. குட்டை உருவம், பலகை போன்ற முதுகு. காலை ஆறேகாலுக்கு என் பேக்கரிக்குள் நுழைந்து, இளஞ்சிவப்புச் சர்க்கரை பூசிய பாதாம் வைத்த ரொட்டி ஒன்றை வாங்குவாள். முதலில் பாதாம்களை மட்டும் பிடுங்கித் தின்றுவிட்டு, ஓட்டை விழுந்த ரொட்டியைப் பைக்குள் போட்டுக்கொள்வாள். சாலையைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் ஒரே பதில்தான்: "ரோடுன்னா ரோடு மாதிரி இருக்கணும். துப்பாக்கிக் குழாய் மாதிரியா இருக்கறது, வண்டியெல்லாம் குண்டாப் பாய?"

அப்படிச் சொல்ல அவளுக்குக் காரணம் உண்டு. பதினோரு வருஷத்துக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தன் பச்சை சைக்கிளில் கணவாய்க்கு ஏறிக்கொண்டிருந்தாள். அப்போதெல்லாம் வாராவாரம் ஏறுவாள். ஒன்பதாவது வளைவில் பின்னாலிருந்து வந்த வேன் ஒன்றின் பக்கக் கண்ணாடி அவள் முழங்கையில் அடித்தது. அந்த வேன் நிற்கவில்லை. தோள்பட்டை எலும்பு முறிந்து திராட்சைக் கொடிகளுக்கு நடுவே கிடந்தவளைத் தோட்டக்காரர் ஃபெர்னான் தெவீன்தான் கண்டெடுத்து, டிராக்டரில் உட்காரவைத்து ஊருக்குள் கொண்டுவந்தார். வழியெல்லாம் திட்டினாராம். "மூணு கொடியை முறிச்சிட்டியேம்மா! விழறதுதான் விழற, எதிர்த்த தோட்டத்துல விழுந்திருக்கக் கூடாதா?"

எலும்பு கூடிவிட்டது. ஆனால் சைக்கிளை எடுத்துக்கொண்டு சாலைக்குப் போனால், பின்னால் எஞ்சின் சத்தம் கேட்டதும் கைகள் பிரேக்கை இறுக்கிக்கொள்ளும், கால் தானாகத் தரையில் ஊன்றிவிடும். பள்ளத்தாக்கில் பழைய ரயில் தடத்தைச் சைக்கிள் பாதையாக்கியிருக்கிறார்கள், அங்கே வண்டிகள் வராது. ஒரு தடவை போய்ப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு. ஆனா மேடு எங்கடீ?" என்று திரும்பிவிட்டாள்.

பிறகு வீட்டு ஷெட்டுக்குள் இரண்டு உருளைகள் மேல் சைக்கிளை நிறுத்திவைத்து, வெறும் சுவரைப் பார்த்தபடி தினமும் சாயங்காலம் மிதித்தாள். ஒருநாள் மீந்த ரொட்டி கொடுக்கப் போனேன். வியர்வை சொட்ட மிதித்துக்கொண்டிருந்தாள்.

"எங்கடீ போயிட்டிருக்க?" என்றேன்.

"பதினொண்ணுல இருக்கேன். பேச்சுக் குடுக்காத, மூச்சு போயிடும்."

பத்து வருஷம் சுவரைப் பார்த்து ஏறினாள் என்றால் நம்ப மாட்டீர்கள். நான் பார்த்திருக்கிறேன்.

கிராம சபைக்கு அவள் முதன்முதலில் மனு கொடுத்தது மூன்று வருஷத்துக்கு முன்பு. ஜூன் மாதத்தில் ஒரே ஒரு ஞாயிறு, காலை எட்டிலிருந்து ஒரு மணி வரை கணவாய்ச் சாலையில் மோட்டார் வண்டி எதுவும் போகக் கூடாது. அவ்வளவுதான். சபையில் சிரித்தார்கள். சபை உறுப்பினரான ஃபெர்னான் சிரிக்கவில்லை, எழுந்து நின்றார். "ஜூன்ல கொடிக்கு மருந்து அடிக்கணும். காத்து அடங்கி இருக்கறது காலையிலதான். என் டிராக்டர் பறந்தா போகும்?" மனு தோற்றது. மறு வருஷமும் தோற்றது.

மூன்றாவது வருஷம் மடக்கு நாற்காலி ஒன்றை எடுத்துக்கொண்டு போய், ஒரு ஞாயிறு முழுக்க ஒன்பதாவது வளைவின் ஓரத்தில் உட்கார்ந்தாள். சபைக் கூட்டத்தில் எழுந்து, நோட்டைப் பார்த்து வாசித்தாள்.

"காலை எட்டுலேர்ந்து ஒரு மணிக்குள்ள இருநூத்திப் பதினாலு வண்டி போச்சு. அதுல என் கண்ணுக்குத் தெரிஞ்சு நம்ம ஊர்ல நின்னது ஏழு. அந்த ஏழுல நாலு, ஃபெர்னான் தோட்டத்து மதில்ல ஒண்ணுக்குப் போக நின்னது."

சபை வெடித்துச் சிரித்தது. ஃபெர்னானின் கழுத்து சிவந்தது. "எந்த மதில்ல?" என்று கேட்டார்.

"மேல் மதில்ல. வேணும்னா நம்பர் குறிச்சு வெச்சிருக்கேன், தரட்டுமா?"

அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டுக்கொண்டார். பிறகு, "என் மருந்து வேலைக்கு என்ன வழி?" என்றார்.

"ஏழரைக்குள்ள முடிச்சுக்கோங்க. அதுக்குப் பதிலா நாலு சனிக்கிழமை வந்து கொடியைக் கம்பியில ஏத்திக் கட்டித் தரேன்."

"உனக்குக் கட்டத் தெரியுமா?"

"முறிக்கத் தெரியும்னு உங்களுக்கே தெரியும். கட்டவும் கத்துக்கறேன்."

ஒரு ஓட்டு வித்தியாசத்தில் மனு ஜெயித்தது. அந்த ஓட்டு யாருடையது என்று சொல்ல வேண்டியதில்லை. நான்கு சனிக்கிழமையும் அவள் போனாள். ஃபெர்னான் பின்னாலேயே நடந்து, அவள் கட்டியதைப் பாதிக்கு மேல் அவிழ்த்துக் கட்டினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தைய நாள் முழுக்க மழை. "ஒருத்தரும் வரப் போறதில்ல" என்று அவளே சொல்லிவிட்டாள். எட்டு மணிக்குத் தடுப்புக் கட்டையைச் சாலையில் இழுத்துவிட்டபோது நாங்கள் பதினோரு பேர்தான் நின்றோம். எல்லாரும் கீழே பள்ளத்தாக்குச் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தோம். எட்டேகாலுக்கு மேகம் விலகியது. எட்டரைக்குப் பள்ளத்தாக்கிலிருந்து சைக்கிள்கள் வர ஆரம்பித்தன. ஒன்று, நான்கு, இருபது, பிறகு எண்ண முடியவில்லை. குழந்தையைச் சைக்கிளுக்குப் பின்னால் சின்ன வண்டியில் கட்டி இழுத்து வந்த அப்பன்கள், கூடையில் நாயை வைத்திருந்த ஒரு கிழவி, இரட்டை சைக்கிளில் சண்டை போட்டுக்கொண்டே வந்த புருஷன் பெண்டாட்டி. மரீஸ் யாரையும் பார்க்கவில்லை. ஹெல்மெட் வாரை மூன்று தடவை அவிழ்த்து மாட்டினாள்.

நான் மிதிக்க உதவும் பேட்டரி வைத்த சைக்கிளில் அவளுக்குப் பின்னால் போனேன். "நீ பஸ்லயே வந்திருக்கலாம்டீ" என்றாள்.

முதல் ஐந்து வளைவுகளை வாயை மூடிக்கொண்டு ஏறினாள். நனைந்த கொடிகளிலிருந்து பூவின் மணம் வந்தது. திராட்சைப் பூவுக்கு அத்தனை மணம் உண்டு என்று இந்த ஊரில் பிறந்த எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். சங்கிலி ஓடும் சத்தம் கேட்டது. இரண்டு வளைவுக்கு மேலே யாரோ சாதாரணக் குரலில் பேசியது கேட்டது. பாதிரியார் தொப்பையில் அவள் வலது ஓரத்தை விட்டு வெளியே வந்தாள். சாலையின் முழு அகலத்தையும் எடுத்துக்கொண்டு, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குக் கோடு போட்டு வளைத்தாள். "பாத்தியா! பாத்தியா!" என்று கத்தினாள்.

ஒன்பதாவது வந்தது. அவள் தோள்கள் காதுவரை ஏறின. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. வளைவு நீளமாகப் போய்க்கொண்டே இருந்தது. பிறகு முடிந்தது. அவள் மூக்கை உறிஞ்சிய சத்தம் கேட்டது. பன்னிரண்டாவதில், கையில் ஹார்ன் இல்லாததால், "பாம்! பாம்!" என்று வாயாலேயே அடித்தாள். மேலிருந்து இறங்கி வந்த கூட்டம் திரும்ப "பாம்! பாம்!" என்றது.

பதினேழாவதை நெருங்கும்போது எஞ்சின் சத்தம் கேட்டது.

அவள் கைகள் பிரேக்கை இறுக்கின. சைக்கிள் தள்ளாடியது. வலது கால் பெடலை விட்டுக் கிளம்பிவிட்டது. அப்போதுதான் இருவரும் பார்த்தோம். தோட்டத்து மண் பாதையிலிருந்து சாலைக்கு ஏறப் பார்த்த ஒரு பளபளப்பான கார் உறுமிக்கொண்டிருந்தது. அதற்கு முன்னால், பாதையை முழுசாக அடைத்தபடி ஃபெர்னானின் டிராக்டர். எஞ்சினை அணைத்துவிட்டு, சீட்டில் உட்கார்ந்து கத்தியால் சாசேஜை வெட்டி வெட்டித் தின்றுகொண்டிருந்தார்.

"யோவ் பெரியவரே, வண்டியை எடுய்யா!" என்றான் காரில் இருந்தவன்.

"கெட்டுப் போச்சு தம்பி."

"எப்ப சரியாகும்?"

"ஒரு மணிக்கு" என்றார் ஃபெர்னான். பிறகு எங்களைப் பார்த்துக் கத்தியை நீட்டினார். "ஏம்மா! காலை ஊனினேன்னா, அடுத்த வருஷம் என் ஓட்டு எதிர்த்துதான்! மிதி!"

கால் பெடலுக்குத் திரும்பியது. மிதித்தாள். கடைசி இரண்டு வளைவுகளுக்கு எழுந்து நின்றே மிதித்தாள். கணவாயில் சிரிப்பும் கைதட்டலுமாக நின்ற கூட்டத்துக்குள் நுழைந்தபோது அவளால் பேச முடியவில்லை. விரல்களை விரித்துக் காட்டினாள்: பத்து, ஒன்பது.

அதோடு விட்டிருந்தால் அவள் மரீஸ் இல்லை. கீழே இறங்கினாள், மறுபடி ஏறினாள். இரண்டாவது தடவை அவசரமே இல்லை. நான்கு இடத்தில் காலை ஊன்றி நின்று, முன்பின் தெரியாதவர்கள் நீட்டிய செர்ரிப் பழங்களைத் தின்று, பாதிரியார் தொப்பை எது என்று பத்துப் பேருக்காவது விளக்கினாள். மேலே வந்து சேர்ந்தபோது மணி பன்னிரண்டு ஐம்பது. மேயர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, "இன்னும் பத்து நிமிஷத்துல கட்டையை எடுக்கணும்மா. அடுத்த வருஷம் ரெண்டு ஞாயிறு, சரியா?" என்றார்.

மரீஸ் சைக்கிளை மெதுவாக என் பக்கம் சாய்த்துக் கொடுத்தாள். ஹெல்மெட்டைக் கழற்றினாள். நடந்துபோய், வெயிலில் காய்ந்து சூடேறியிருந்த தாரின் நட்ட நடுவில், வெள்ளைக் கோட்டின் மேல் மல்லாந்து படுத்தாள். இரண்டு கைகளையும் இரண்டு பக்கமும் விரித்து, கண்ணை மூடிக்கொண்டாள்.