மீனம்மாவின் கரோக்கே பெட்டி

மீனம்மாவுக்கு இனிமையான குரல் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். தேயிலைக் கொழுந்து பறிக்கும்போது அவள் பாடினால் அடுத்த நிரையில் நிற்பவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். ஆனால் தலவாக்கலைப் பக்கத்து எங்கள் தோட்டத்தில் அவளைப் போல ஆசையாகப் பாடுகிறவர் வேறு யாருமில்லை.

போன தீபாவளிக்கு அவள் மகன் நிரஞ்சன் கொழும்பிலிருந்து ஒரு கரோக்கே பெட்டி வாங்கி வந்தான். கையில் தூக்கிப் போகிற அளவுதான். போனில் இசையைப் போட்டுவிட்டு மைக்கில் பாட வேண்டும். ஒரு பொத்தானை அமத்தினால் பெட்டியே கைதட்டும்.

தோட்டத்து ஆட்களின் வீடுகள் ஒரே வரிசையில் ஒட்டியிருக்கும் எங்கள் லயத்தில், அவளுக்கு அடுத்த காம்பரா பேச்சியம்மாவுடையது. இருவரும் சின்ன வயதிலிருந்து ஒன்றாகக் கொழுந்து பறிக்க மலைக்குப் போனவர்கள். சீனி வியாதியில் ஒரு காலை எடுத்த பிறகு பேச்சியம்மா படுக்கையோடு கிடந்தாள். மகள் கொழும்பில் வேலை செய்ததால், நாங்கள் மலைக்குப் போய்விட்டால் பகலெல்லாம் தனிமைதான்.

எங்கள் லயத்தில் பாதிப் பேச்சு சுவரைத் தட்டித்தான் நடக்கும். பைப்பில் தண்ணீர் வந்தாலும் தட்டுவோம், தேத்தண்ணி ஊற்றினாலும் தட்டுவோம். மீனம்மா பாட்டை முடித்ததும் பேச்சியம்மா அகப்பையால் சுவரைத் தட்டுவாள். இன்னொரு பாட்டு வேண்டும் என்று அர்த்தம்.

"பொத்தான அமத்துனா ஊரே கைதட்டுமேடி" என்று நான் கேலி செய்வேன்.

"ஊரு எதுக்கு? பேச்சி தட்டுனா போதும்" என்பாள்.

ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தகரக் கூரையில் மழை கொட்டியது. மீனம்மா பாடினாள். சுவரில் தட்டல் கேட்டது. அடுத்ததைப் பாடினாள். பாட்டின் நடுவிலேயே மறுபடியும் தட்டல், இந்த முறை வேகமாக. பேச்சிக்கு இன்று ஆசை கூடிப்போய்விட்டது என்று நினைத்து, மழைக்கு மேல் கேட்கட்டுமென்று சத்தத்தைக் கூட்டினாள். பிறகு தட்டல் நின்றுவிட்டது. தூங்கிவிட்டாள் என்று பெட்டியை நிறுத்தினாள்.

ரொட்டி சுட்டு, சம்பலோடு எடுத்துக்கொண்டு போனாள். பேச்சியம்மா சுவரோரம் தரையில் கிடந்தாள். உடம்பில் இன்னும் சூடு இருந்தது. அகப்பை கையிலேயே இருந்தது.

சாவு வீட்டுக்கு வந்தவர்கள், "பாட்டு கேட்டுக்கிட்டே நல்லபடியா போயிட்டாங்க" என்றார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மீனம்மாவின் முகத்தைப் பார்த்த பிறகும் அப்படிச் சொல்ல எப்படி மனம் வந்ததோ.

"அவ பாட்டு கேக்கல. என்னையக் கூப்பிட்டா" என்றாள் மீனம்மா.

"யாரா இருந்தாலும் அப்படித்தான்டி நெனச்சிருப்பாங்க" என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். அவள் காதில் ஏறவில்லை. பெட்டியை நிரஞ்சனிடமே கொடுத்துவிட்டாள். மலையில் நின்றாலும் இப்போது வாய் திறப்பதில்லை. அந்தச் சிரிப்புக்காரிகளே "பாடு மீனா" என்று கெஞ்சிவிட்டார்கள்.

பேச்சியம்மாவின் காம்பராவுக்குப் புதிதாகக் கல்யாணமான ஜோடி ஒன்று குடிவந்தது. போன வாரம் கலண்டர் மாட்டச் சுவரில் ஆணி அடித்தார்கள். அப்போதுதான் வேலை முடிந்து வந்து நானும் மீனம்மாவும் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம். அவள் கோப்பையைப் போட்டுவிட்டு ஓடினாள். அந்தப் பெண் கதவைத் திறந்து பார்த்தபோது, மீனம்மா மூச்சு வாங்க வாசலில் நின்று, "வந்துட்டேன் பேச்சி, வந்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.