கொதிக்க வைத்த தண்ணீரும் என் கோபமும்

ஐஸ் தொழிலில் நம்மை ஜெயிக்க, வாங்க வருகிறவன் பேசாமல் நின்றாலே போதும், நம் சரக்கு உருகிவிடும். என்னோடு அவஸ்தைப்பட்டவர்களுக்கு இது புரியும்.

சிஸ்டர் போட்ட நிபந்தனை

எண்பதுகளில் மணப்பாறை ரோட்டில் சின்ன ஃபாக்டரி வைத்திருந்தேன். பக்கத்து ஏரித் தண்ணீரைத் துணியில் வடிகட்டி, சர்க்கரை கலந்து, பாலிதீன் குழாய்ப் பைகளில் அடைத்து ஐஸ் போடுவோம். ஒரு கான்வென்ட் ஸ்கூலில் சயின்ஸ் எடுக்கும் சிஸ்டர் ஒருவர், விளையாட்டு விழாவுக்கு ஐந்நூறு பை கேட்டு வந்தார். நான் விலையில் பிடிவாதம் பிடித்தேன். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "விலையை நீங்க சொல்லிக்கங்க. தண்ணியை மட்டும் நல்லா கொதிக்க வைங்க." அப்படியே கொதிக்க வைத்து, ஆறவிட்டுப் பைகளில் அடைத்தோம்.

இறுகாத ஐஸ்

விழா அன்று காலை, பைகளை உறைய வைக்கும் உப்புநீர்த் தொட்டியைத் திறந்தால், ஐந்நூறு பையும் தண்ணீராகவே கிடந்தன. அதே மெஷின், அதே நேரம். முந்தின நாள் வரை பைகள் கல்லாக இறுகியிருந்தன! மெக்கானிக் செல்வராஜ் தெர்மாமீட்டரைக் காட்டினார். "குளிர் சரியா இருக்கு முதலாளி, தண்ணியிலதான் என்னமோ."

"தண்ணி மேல பழி போடுறியா? எவன்கிட்ட விலை போனே?" என்று கத்தி, ஒரு பையைத் தொட்டி விளிம்பில் ஓங்கி அடித்தேன். என் கையிலேயே அது ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை வெளுத்து இறுகியது. இருவரும் பார்த்தோம். குளிர் சரியாகத்தான் இருந்தது என்று தெரிந்தும், தப்பு என்னுடையது என்று சொல்ல வாய் வரவில்லை. செல்வராஜ் ஸ்பானரைத் தன் தோள்பையில் போட்டு சைக்கிளை எடுத்தார்.

"தெர்மாமீட்டரை நம்பலைன்னா பரவாயில்ல முதலாளி. பன்னெண்டு வருஷமா இருக்கிற என்னை நம்பலையே."

இரண்டு குழாய்

ஒவ்வொரு பையாகத் தட்டித் தட்டி இறுக வைத்து ஆர்டரைக் கொடுத்துவிட்டேன். மறுவாரம் சிஸ்டரிடம் நடந்ததையெல்லாம் சொன்னதும், இரண்டு கண்ணாடிக் குழாய்களோடு வந்தார். ஒன்றில் ஏரித் தண்ணீர், ஒன்றில் கொதித்து ஆறியது. ஒரே தொட்டியில் இறக்கினோம். ஏரித் தண்ணீர் இறுகிவிட்டது. மற்றது அசையாமல் தண்ணீராகவே நின்றது.

"தண்ணி உறைய ஆரம்பிக்கிறதுக்கு ஏதாவது ஒரு பிடி வேணும். சில கிருமிங்க மேல ஐஸ் சீக்கிரம் பிடிச்சுக்கும்னு படிச்சிருக்கேன். இந்த ஏரியிலயும் அது இருக்கும்போல. கொதிச்சதுல செத்துப்போச்சு. நீங்க அடிச்சப்போ அந்த அதிர்ச்சியே பிடியா ஆயிடுச்சு" என்றார். பிறகு மெக்கானிக் உட்காரும் காலி நாற்காலியைப் பார்த்தார். "செல்வராஜ் வந்து பேச மாட்டார். நீங்கதான் ஆரம்பிக்கணும்."

பாலத்துக்கு அப்பால்

செல்வராஜ் அதற்குள் ஆற்றுப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கத்தில் வேறொரு ஐஸ் ஃபாக்டரியில் சேர்ந்திருந்தார். போய் நின்றேன். எதற்கும் ஒரு விலை சொல்லியே பழகிய வாய், ஒரு வார்த்தைக்குத் தவித்தது. கடைசியில், "அன்னிக்கு நீ சொன்னதுதான்யா சரி. நான் பேசினதுதான் தப்பு" என்றேன்.

அவர் கிரீஸ் கையைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "ஒண்ணாந்தேதி வரேன். இனிமே மொதல்ல தண்ணியைத் திட்டுங்க, அப்புறமா என்னைத் திட்டுங்க."

நான் பேரமே பேசாமல் வேலை வாங்கிய ஒரே கூட்டம் அந்த ஏரிக் கிருமிகள்தான், அவை என்னிடம் இருந்ததே கொதிக்க வைத்து வேலையைவிட்டு நிறுத்திய பிறகுதான் எனக்குத் தெரிந்தது.