குறுகிய சேனலும் அந்தோணியும்

வாக்கிடாக்கி வாடகைத் தொழிலில் செட்டைப் பழுது பார்ப்பது எளிது; பக்கத்து மேசைக்காரனுக்குக் கிடைக்கும் நல்ல பெயரைத் தாங்குவதுதான் கடினம். பக்கத்து மேசை உள்ளவர்கள் எல்லோருக்கும் இது தெரிந்திருக்கும்.

நான் எட்டாவது வரை படித்தவன். தி. நகர் வயர்லெஸ் கடை ஒன்றில் இருபத்தாறு வருடமாக இருக்கிறேன். பக்கத்து மேசை அந்தோணி வந்து ஒன்பது வருடம். மயிலாப்பூர் தேர்த் திருவிழாவில் தொண்டர்களுக்கு எங்கள் செட்டுகள்தான் போகும். கட்டுப்பாட்டு மேசையில், எல்லாச் சேனலையும் பிடிக்கும் ஸ்கேனர் கருவியோடு உட்கார்ந்து எல்லோர் பேச்சையும் கவனிப்பது பதினோரு வருடமாக நான். இந்த வருடம் முதலாளியம்மா, "உங்க ரெண்டு பேர்ல யாருன்னு இன்னும் முடிவு பண்ணலை" என்று சொல்லிவிட்டார்.

ஜவுளிக்கடை

தங்கள் செக்யூரிட்டி காவலர்களின் பேச்சைக் கேட்க ஒரு ஜவுளிக்கடையில் ஸ்கேனர் வைத்திருந்தார்கள். சத்தம் சரியாக வரவில்லை என்று புகார். இப்போதைய செட்டுகள் குறுகிய சேனலில் பேசுபவை. ஸ்கேனரையும் அதற்கேற்ற நேரோ எஃப்.எம்.மில் வைக்க வேண்டும். அவர்கள் அகல சேனலுக்கான சாதா எஃப்.எம்.மில் வைத்திருந்தார்கள். அப்படி வைத்தாலும் பேச்சு வரும், ஆனால் போர்வைக்குள்ளிருந்து பேசுவது போல மெலிந்து வரும்.

இருபது சேனலையும் ஒவ்வொன்றாக மாற்றி, ஒவ்வொன்றிலும் மூன்று முறை பேசிப் பார்த்தேன். குரல் கணீரென்று வந்தது. காவலர் தலைவர் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நல்லாத்தான் கீது. அந்தோணி சார் ஏன் வரல, உடம்பு கிடம்பு சரியில்லையா?"

சமையல் மாஸ்டர்

அடையாறு கல்யாண மண்டபம் ஒன்றுக்குச் செட்டு சரிபார்க்க நாங்கள் இருவரும் போனோம். மண்டபத்தின் சொந்தச் செட்டுகள் நான்கும் பழையவை, அகல சேனலில் பேசுபவை. நேரோவில் இருந்த என் ஸ்கேனரில், சமையல் மாஸ்டர் கத்தும்போதெல்லாம் குரல் கரகரத்து உடைந்தது. சாதா எஃப்.எம்.முக்கு மாற்றினேன், சரியாகிவிட்டது. ஏன் அப்படி என்று மேனேஜருக்கு விளக்கத் தொடங்கினேன். எனக்குப் பேச்சு கோவையாக வராது.

அதற்குள் அந்தோணி அடுப்படிக்கே போய், "மாஸ்டர், செட்டை ஒரு சாண் தள்ளிப் பிடிச்சு, பொண்ணு பாக்க வந்த மாப்பிள்ளை மாதிரி மெதுவா பேசுங்க" என்றான். அடுப்படியே சிரித்தது. மேனேஜர் என் கையைப் பிடித்து நிறுத்தினார்: "பெரியவரே, நீங்க சொல்றது கரெக்டாத்தான் இருக்கும். அவர் சொன்னது புரிஞ்சுது."

பதினெட்டு செட்டு

மறுநாள் திருவிழாச் செட்டுகளைச் சோதித்தோம். மொத்தம் நாற்பத்திரண்டு. இருபத்து நான்கை நான் முந்தின வாரமே முடித்திருந்தேன். அந்தோணி தயார் செய்த பதினெட்டையும் என் ஸ்கேனரில் கேட்டேன். பதினெட்டிலும் குரல் மெலிவு. மறைக்காமல் சொல்கிறேன், எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. ஒன்றைக்கூடத் திறந்து பார்க்காமல் முதலாளியம்மாவிடம் போய், "பதினெட்டிலும் மைக் மோசம்" என்றேன்.

அவர் எழுந்து வருவதற்குள் அந்தோணி என் ஸ்கேனரைப் பார்த்துவிட்டான். மண்டபத்தில் நான் மாற்றிய சாதா எஃப்.எம். அப்படியே இருந்தது. ஒரு பொத்தானைத் தட்டி நேரோவுக்குக் கொண்டுவந்தான். பதினெட்டும் கணீர். என்ன ஆச்சு என்று அம்மா கேட்டதும், என்னைப் பார்க்காமலேயே சொன்னான்: "ஒண்ணும் இல்லைம்மா, பேட்டரி இறங்கியிருந்துது, அண்ணனும் நானும் மாத்திட்டோம்."

மேசை

அவன் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். காப்பாற்றியதைத்தான் தாங்க முடியவில்லை. பெருந்தன்மையிலும் அவனே முந்திக்கொண்டான். மாற்றாத பேட்டரியை மாற்றியதாக என் குறிப்பேட்டில் எழுதவும் கை வரவில்லை. மாலையில் அம்மாவிடம் போய், பதினெட்டுச் செட்டும் நல்ல செட்டு, பார்க்காமல் சொன்னது நான்தான் என்றேன்.

அவர் செட்டுப் பட்டியலை என் பக்கம் தள்ளினார். பிறகு சொன்னார்: "அண்ணே, செட்டு அத்தனையும் நீங்களே செக் பண்ணிக் குடுங்க, அதுக்கு உங்களை விட்டா எனக்கு ஆள் இல்லை. திருவிழா மேசையில அந்தோணி உக்காரட்டும்."

தேரன்று நான் சரிபார்த்துக் கொடுத்த நாற்பத்திரண்டு செட்டுகளும் மாட வீதி முழுக்கப் பிசிறில்லாமல் பேசின. பேசியதில் பாதி அந்தோணியைப் பற்றிய பாராட்டு.